கேம் அட்டையின் பின்பக்கம்

நவம்பர் 15, புதன்

ரோகிணி இன்று பட்டறைக்கு வந்தாள். கல்லூரியில் மெக்கானிக்கல் வகுப்பில் அறுபது பையன்களுக்கு நடுவே நாங்கள் இரண்டே பெண்கள். படிப்பு முடிந்ததும் அவள் இங்கிலாந்து போனாள், கார் எஞ்சின் கம்பெனியில் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மதியத்துக்கு மேல் கணபதிப் பக்கம் என் வீட்டுக்காரருடைய ரேஸ் கார் பட்டறையில் எஞ்சின் அளக்கிறவள். இருபத்து நான்கு வருடம் கழித்துப் பார்க்கிறேன். நரைக்கு மை போடவில்லை. அது அவளுக்கு நன்றாக இருக்கிறது.

அதே கல்லூரியில் எங்களுக்கு மூத்த வகுப்பில் படித்த இவர்தான் பழைய மாணவர் கூட்டத்தில் பார்த்து அழைத்தாராம். டிசம்பர் பதினேழு இவருக்குக் கடைசி ரேஸ். நாற்பத்தொன்பது வயதாகிறது, இந்த வருடத்தோடு போதும் என்று இவரே முடிவு செய்துவிட்டார். பதினெட்டு வருடம் ஓட்டியும் சொந்த ஊர் டிராக்கில் முதல் மூவருக்கான மேடையில் ஒருமுறைகூட ஏறியதில்லை. நான்காவதாக மூன்று முறை வந்திருக்கிறார். அந்த ஒரு மேடைக்காகத்தான் இவ்வளவும்.

"மேடம் வந்துட்டாங்க, இனி நம்ம வண்டிக்கு நல்ல காலம்" என்றார் ஆரோக்கியண்ணனிடம். ஆரோக்கியண்ணன் எங்கள் தலைமை மெக்கானிக், அறுபதை நெருங்குகிறவர். இவரைத் 'தம்பி' என்று கூப்பிடும் உரிமை உள்ளவர்.

"இத்தன நாளு கெட்ட காலமுங்களா தம்பி?" என்று கேட்டார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாயிற்று.

நவம்பர் 17, வெள்ளி

ரோகிணிக்கு இவர் டீ போட்டார். பட்டறை ஸ்டவ்வில், இஞ்சி தட்டிப் போட்டு. இஞ்சி எங்கே இருக்கிறது என்பது இவருக்குத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

நவம்பர் 20, திங்கள்

கேம் பற்றிப் பேச்சு இன்று முடிவுக்கு வந்தது.

கேம் என்பது எஞ்சினுக்குள் சுற்றிக்கொண்டே வால்வுகளைத் தள்ளித் திறக்கிற தண்டு. ஒரு சுற்றில் எத்தனை டிகிரி நேரம் வால்வு திறந்திருக்கிறது என்பதுதான் அதன் குணம். எண் பெரிதானால் வண்டி உயர்ந்த வேகத்தில் பறக்கும், வளைவுகளில் இருந்து எழுந்து வரும்போது இழுக்காது. எங்கள் வண்டியில் இருப்பது 284. எங்கள் ஊர் டிராக்கோ முழுக்க வளைவு, பறப்பதற்கு ஒரே ஒரு நேர்ப்பாதைதான்.

ரோகிணி மடிக்கணினியில் ஒரு கோட்டுப் படத்தை இவருக்குக் காட்டினாள். "ஏனுங்க நாச்சி, நீங்க ஜெயிக்க வேண்டியது நேர் ரோட்டுல இல்லீங்க. வளைவுல இருந்து வெளிய வர எடத்துல. கேமைச் சின்னது பண்ணுங்க. 268 போதும்."

அவள் தமிழ் தொண்ணூற்றொன்பதில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. பெட்டியில் மடித்து வைத்து எடுத்த மாதிரி.

இவர் தொடையில் தட்டினார். "அட, ஆமாங்க! இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

நான் அளக்கும் கருவியை, டயல் கேஜை, துடைத்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து துடைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் இதே மேசையில் நான் சொன்னேன். 268 என்று எண்ணையும் சொன்னேன். சொன்னதோடு விடாமல் பெங்களூரில் ஒருவரிடம் அந்த அளவுக்கு ஒரு கேமை அரைத்து வரவழைத்தேன். இவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "வண்டியோட சத்தம் போயிருமே கோகிலா" என்றார். அது இன்னமும் எண்ணெய்த்தாள் சுற்றி மேல் அலமாரியில் கிடக்கிறது.

ரோகிணி போன பிறகு இவராகவே ஞாபகம் வந்தவராய், "நீகூட ஒருக்கா இப்படித்தான் ஏதோ சொல்லிட்டிருந்தீல்ல?" என்றார்.

"ஏதோ" என்றேன் நானும்.

இரவு தோசைக்குத் தேங்காய்ச் சட்னி. உப்பு கூடிவிட்டது. யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

புதுக் கேம் வந்துவிட்டது. ரோகிணிக்குத் தெரிந்த வெளிநாட்டுக் கம்பெனி, பெங்களூரில் அவர்களுக்குக் கிடங்கு இருப்பதால் ஒரே இரவில். நாங்கள் இதுவரை அங்கே வாங்கியதில்லை. கூடவே அட்டை.

பட்டறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு கேமோடும் வரும் அளவு அட்டையைச் சுவர்ப் பலகையில் குத்தி வைப்போம். யார் சரிபார்த்தார்களோ அவர்கள் பின்பக்கம் மூலையில் பெயரின் முதலெழுத்தைப் போட்டுத் தேதியும் இடவேண்டும். பலகையில் பத்தொன்பது அட்டைகள். பதினேழின் பின்பக்கம் 'கோ' என்றிருக்கும்.

மதியம் மூவரும் அன்னபூரணியக்கா மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனார்கள். எனக்கு இடைப்பருவத் தேர்வு விடைத்தாள் திருத்த இருந்தது, போகவில்லை. மேசையில் அட்டை இருந்தது. முன்பக்கம் பெரிய எழுத்தில் 268. திருப்பினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி. படித்தேன். கை பழக்கத்தில் பென்சிலை எடுத்து, அதன் அர்த்தம் என்னவோ அதைக் கணக்குப் போட்டு ஓர் எண்ணும் ஒரு சொல் முடிவும் எழுதி, எழுத்துப் போட்டு, தேதியும் இட்டேன்.

வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. இவர் சிரித்து இவ்வளவு நாளாயிற்றா என்று தோன்றியது. அவர்கள் வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன்.

"கோகி, நீ வந்திருக்கணும். உங்க வீட்டுக்காரர் ரசத்துக்கு ஒரு தியரி சொன்னாரு பாரு" என்றாள்.

சொல்ல வாய்ப்பு வரவில்லை.

நவம்பர் 22, புதன்

ரப்பர் தேவைப்பட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளை எதுவோ விட்டுப்போனது, மாம்பழ வாசனை அடிக்கும் ரப்பர், கைப்பையில் இருந்தது. அட்டையில் எழுதியதை அழிப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் ரோகிணி அட்டையை எடுத்து, பின்பக்க மூலையில் 'ரோ' என்று போட்டுப் பலகையில் குத்தினாள். இருபதாவது.

நவம்பர் 25, சனி

எஞ்சின் கட்டினார்கள்.

ஆரோக்கியண்ணன் என்னைப் பார்த்தார். "அம்மணி, களிமண்ணு வாங்கியாச்சுங்களா?"

கேம் மாற்றினால் களிமண் வைத்துப் பார்ப்பது என் வேலை. பள்ளிக்கு எதிரே ஸ்டேஷனரி கடையில் பிள்ளைகள் பொம்மை செய்ய விற்கும் நீலக் களிமண். அதைப் பிஸ்டன் தலையில் அப்பி, மேலே எஞ்சின் மூடியான ஹெட்டை வைத்து அடைத்து, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றித் திறந்தால், வால்வு எவ்வளவு கிட்டே வருகிறது என்று களிமண்ணில் பதிந்திருக்கும். பிளேடால் வெட்டி மெல்லிய இடத்தை அளப்பேன். இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்தக் கேம் வேண்டாம். முழு வேகத்தில் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டால் வால்வு முறியும், எஞ்சின் இறுகும், வண்டி குறுக்கே திரும்பும். உள்ளே இருப்பது இவர்.

"களிமண் எதுக்குங்கண்ணா? இருக்கறதவிடச் சின்ன கேம்தானே போடறோம்" என்றாள் ரோகிணி. "பழசுக்கே இடம் இருந்துச்சு, இதுக்குத் தாராளமா இருக்கும்." டயல் வைத்துக் கேமின் உச்சி எங்கே வருகிறது என்று மட்டும் பார்த்தாள். முழுச் சுற்றையும் அளப்பது என் வேலையாக இருந்தது.

"கோகிலாவுக்கும் பேப்பர் திருத்தற வேலை கெடக்கு. பாவம், சிரமப்படுத்த வேண்டாம்" என்றார் இவர்.

என் கைப்பையில் களிமண் இருந்தது. காலையில் வாங்கியது. பாவம் என்று சொல்லாமல் இருந்திருந்தால் எடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 28, செவ்வாய்

ஏழாம் வகுப்பு ஹர்ஷினி அழுதாள். எல்லா விடையும் சரி, பக்கத்தில் அலகு எழுதவில்லை. ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் குறைத்திருந்தேன்.

"நம்பர் கரெக்ட்தானுங்க மிஸ்?"

"எதுலருந்து எது வரைக்கும் அளந்தேன்னு சொல்லாத நம்பர் வெறும் நம்பர்தான் கண்ணு" என்றேன்.

சொல்லிவிட்டு அந்தப் பாடவேளை முழுக்க எனக்குச் சரியாக இல்லை.

எழுதியே விடுகிறேன். எங்கள் பழைய கேம்களின் அட்டைகள் எல்லாம் வால்வு இருப்பிடத்தை விட்டு அசைந்த நொடியில் இருந்து டிகிரியை எண்ணியவை. இந்தப் புதுக் கம்பெனி, வால்வு ஒரு மில்லிமீட்டர் எழுந்த பிறகே எண்ணத் தொடங்குகிறது. பின்பக்கப் பொடி எழுத்து சொன்னது இதைத்தான். ஒருவர் கிழக்கு வெளுத்ததிலிருந்து பகலை எண்ணுகிறார், இன்னொருவர் வெயில் முற்றத்தில் விழுந்த பிறகு எண்ணுகிறார். இரண்டு பேர் சொல்லும் மணிக்கணக்கும் ஒன்றல்ல. அவர்களின் 268 எங்கள் கணக்கில் 300. சின்ன கேம் என்று நினைத்துப் பழையதைவிடப் பெரியதைப் பூட்டியிருக்கிறார்கள்.

ரோகிணி வேலை பார்த்த கம்பெனியில் எல்லாம் ஒரே முறையில் அளந்தவை. அட்டையைத் திருப்பிப் பார்க்கும் அவசியம் அவளுக்கு வந்திருக்காது.

வண்டியை ஓட்டிப் பார்த்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும். நான் போய்ச் சொல்லி என்னவோ பொறாமையில் சொல்வதாக ஆகவேண்டாம்.

டிசம்பர் 2, சனி

டிராக்கில் ஒத்திகை. வெயில் இல்லை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. நான் வேலி ஓரம் நின்றேன்.

வண்டி வளைவிலிருந்து வெளியே வரும்போது நின்று யோசித்தது. நேர்ப்பாதையின் பாதிக்கு மேல்தான் விழித்துக்கொண்டது. ஒரு சுற்றுக்கு ஒன்றரை விநாடி கூடுதல்.

"கல்யாண மாப்பிள்ளையாட்டம் நடந்து வருதுங்க" என்றார் ஆரோக்கியண்ணன்.

ரோகிணி மடிக்கணினியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பெட்ரோல் அளவை மாற்றினாள். தீப்பொறி நேரத்தை மாற்றினாள். சாப்பிடவில்லை. நெற்றியில் கிரீஸ், அவளுக்குத் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.

"வண்டி மேல தப்பில்லீங்க ரோகிணி, எனக்குத்தான் பழகல" என்று இவர் சொன்னார். 'மேடம்' எப்போது போயிற்று என்று யோசித்தேன். வியாழக்கிழமை இருந்தது.

நான் அளந்து கட்டிய வண்டி 284 கேமோடு இதே இடத்தில் திணறியபோது, 'கோகிலா, ஏதோ கோட்டை விட்டிருக்கே பாரு' என்பார். எனக்குப் பழகல என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் பால் பாயசம் வைத்தேன். "என்ன விசேஷம்?" என்றார். "ஒண்ணுமில்ல, பால் மிஞ்சிப்போச்சு" என்றேன்.

டிசம்பர் 5, செவ்வாய்

ரோகிணி வீட்டுக்கு வந்தாள். இவர் திருப்பூர் போயிருந்தார், அவளுக்குத் தெரியாதாம். தெரியாதென்று நம்புகிறேன்.

அரிசிம்பருப்புச் சோறு வைத்தேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

"கம்பெனியில என்னை அனுப்பிட்டாங்க கோகி. யாருக்கும் சொல்லல. எல்லாம் கரண்ட் வண்டிக்கு மாறுது, பெட்ரோல் எஞ்சின்காரங்க வேண்டாமாம். அம்மாகிட்ட லீவுன்னு சொல்லியிருக்கேன்."

ஊறுகாயை நகர்த்தி வைத்தேன்.

"அங்க இருவது வருஷமா நான் எஞ்சினத் தொட்டதே இல்ல தெரியுமா? ஸ்க்ரீன்தான். இங்க வந்து பாத்தா பலகை முழுக்க உன் எழுத்து. கோ, கோ, கோ. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. படிக்கும்போதும் அப்படித்தான். ப்ராஜெக்டுல நீ அளப்ப, நான் மேடையில நின்னு பேசுவேன். மெடல் எனக்கு. அது உன்னோடதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"அதெல்லாம் மறந்துபோச்சு" என்றேன். மறக்கவில்லை. அன்று அவள் கட்டியிருந்தது வாடாமல்லி நிறப் பட்டு.

"இந்த வண்டி ஏன் இழுக்க மாட்டேங்குதுன்னு உனக்கு ஏதாச்சும் தோணுதா?"

நேராகக் கேட்டாள். இத்தனை நாளும் யாரும் கேட்கவில்லை, கேட்டால் சொல்வேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பேப்பர் திருத்தி முடிச்சாத்தான் எனக்கு எதுவும் தோணும்" என்றேன்.

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். நான் திரும்ப எடுத்துக் கழுவினேன்.

டிசம்பர் 9, சனி

மறுபடியும் ஒத்திகை. இவர் இன்று வேகமாகவே ஓட்டினார். கேமுக்குப் பழகிக்கொண்டார், எப்போதும் எஞ்சினை உச்சத்திலேயே வைத்து. அரை விநாடிதான் பின்தங்கல். ரோகிணி குதித்தாள். இவர் ஹெல்மெட்டைக் கழற்றியதும் நேராக அவளிடம் போனார். தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு நான் நின்றேன்.

அதற்குப் பிறகு கடைசிச் சுற்று. நேர்ப்பாதை முடிவில் பிரேக் பிடித்துக் கியரைக் குறைத்தார். எஞ்சின் ஒரு கணம் எல்லை தாண்டி அலறியது. அந்த அலறலுக்குள் ஒரு சின்னச் சத்தம். நகத்தால் கண்ணாடி டம்ளரைச் சுண்டிய மாதிரி.

எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆரோக்கியண்ணன் மட்டும் தலையை லேசாகச் சாய்த்தார்.

"கல்லு தெறிச்சிருக்குமுங்க" என்றார் தனக்குத்தானே.

கல் இல்லை.

டிசம்பர் 10, ஞாயிறு

மருதமலை போனோம், இவரும் நானும். படி ஏறும்போது இவர் முன்னால் போனார். முதுகில் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், கியர் போட்டுப் போட்டு. இருபத்து இரண்டு வருடமாகப் பார்க்கும் தோள்.

"கடைசி ரேஸு. முருகன்கிட்ட நல்லா கேட்டுக்க" என்றார்.

நான் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது முருகனிடம் இல்லை.

டிசம்பர் 11, திங்கள்

அரையாண்டுத் தேர்வு முதல் நாள். மேற்பார்வையை இன்னொரு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டுக் காலையிலேயே பட்டறைக்குப் போனேன்.

"ஹெட்டைக் கழட்டணும்" என்றேன்.

இவர் சிரித்தார். "ஆறு நாள்ல ரேஸு. ஓடற எஞ்சினை யாராச்சும் பிரிப்பாங்களா அம்மிணி?"

"களிமண் பார்க்கல."

"அட, சின்ன கேமுன்னு..."

"ஏனுங்க, ஹெட்டைக் கழட்டுங்க." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஆரோக்கியண்ணன் அதற்குள் ஸ்பேனரை எடுத்துவிட்டார்.

"அம்மணி சொன்னாக் கழட்டிடலாமுங்க தம்பி. எனக்கும் சனிக்கிழமையிலருந்து காதுல ஒண்ணு உறுத்துது."

களிமண்ணுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. மூன்றாவது பிஸ்டனின் தலையில், கரி படிந்த கறுப்பில், பளிச்சென்று ஒரு பிறை. நகக்கீறல் அளவு. வால்வு வந்து தொட்டுவிட்டுப் போன இடம்.

இவர் விரலால் அந்தப் பிறையைத் தடவினார். பிறகு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ரோகிணி மெதுவாகப் பலகைக்குப் போய் இருபதாவது அட்டையைப் பிடுங்கினாள். திருப்பினாள். பொடி எழுத்தைப் படிக்கும்போது அவள் உதடுகள் அசைந்தன. அதன் பிறகும் அவள் அட்டையைக் கீழே வைக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பென்சிலை அழிக்கலாம், அழுத்தி எழுதிய தடம் காகிதத்தில் இருக்கும். இதை நான் ஒவ்வொரு வருடமும் தேர்வறையில் காப்பியடிக்கும் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"என் தப்புங்க நாச்சி" என்றாள் இவரிடம். "அளந்த முறை வேற. நான் பின்பக்கம் படிக்கல. முழுக்க முழுக்க என் தப்பு."

அட்டையைத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் எனக்கு அவளை வெறுக்க வசதியாக இருந்திருக்கும். எல்லார் முன்னாலும் 'என் தப்பு' என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல வருகிறதே, அந்த வாயின் மீதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன்.

"இப்ப என்னங்க பண்றது? பழைய 284-ஐயே போட்டுட்டு நாலாவதா வந்துட்டுப் போலாமா?" என்றார் இவர். யாரையும் பார்க்காமல்.

நான் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் அலமாரியில் இருந்து எண்ணெய்த்தாள் பொட்டலத்தை எடுத்தேன். "268. நம்ம கணக்குல" என்றேன்.

இவர் அதைக் கையில் வாங்கி ரோகிணியிடம் நீட்டினார். "நீங்க பாத்துச் சொல்லுங்க, போடலாமா?"

ரோகிணி கேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் கேட்டது இதுதானுங்க" என்றாள். "போடலாம்."

அவள் சொன்ன பிறகுதான் போட்டார்.

டிசம்பர் 13, புதன்

பிஸ்டன் மாற்றி, வால்வு மாற்றி, களிமண் வைத்தாயிற்று. மெல்லிய இடத்தில் 2.9 மில்லிமீட்டர். அலகோடு எழுதுகிறேன்.

ரோகிணி பக்கத்தில் நின்று, நான் பிளேடால் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கை நடுங்காம வெட்டற" என்றாள். அந்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு நாளாக அவள் கைப்பை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

மூன்றாவது.

ஆறாவது இடத்தில் இருந்து கிளம்பினார். ஒவ்வொரு வளைவிலும் வெளியே வரும்போது முன்னால் இருப்பவனின் கதவுக்குப் பக்கத்தில் போய்விட்டார். வண்டி யோசிக்கவில்லை, இழுத்தது. சத்தம் போகவும் இல்லை, கொஞ்சம் கனத்திருந்தது, அவ்வளவுதான். கடைசி இரண்டு சுற்றும் நான் கண்ணைத் திறக்கவில்லை. ஆரோக்கியண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் திறந்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

மேடையில் இவர். கோப்பை சின்னதுதான். மைக்கை நீட்டினார்கள். மூச்சு வாங்கியது இவருக்கு.

"பதினெட்டு வருஷம் ஆச்சுங்க இதுல ஏறி நிக்க. இது என்னால இல்ல. சரியான கேமைச் சொல்லிக் குடுத்தது ரோகிணி. அவங்க சொல்லலீன்னா நான் இன்னைக்கு நாலாவதுதான்."

எல்லாரும் திரும்பி ரோகிணியைப் பார்த்தார்கள். ரோகிணி என்னைப் பார்த்தாள். வாயைத் திறப்பாள் என்று நினைத்தேன். அவள் கை கைப்பையின் மேல் இருந்தது. பிறகு மேடைப் பக்கம் திரும்பித் தலைகுனிந்து கும்பிட்டாள்.

நானும் கைதட்டினேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய முடியும் எனக்கு. அது என் கேம் என்று நான் சொன்னால், அட்டை தன்னிடம் இருக்கிறது என்று அவள் சொல்லலாம். மெடலும் மேடையும் திரும்ப அவளுக்கு, ஆனால் இந்த முறை நானே கொடுத்தது.

வரும் வழியில் இவர், "நீ ஏன் சிரிக்கவே இல்ல?" என்றார். "சந்தோஷத்துல" என்றேன்.

டிசம்பர் 18, திங்கள்

பள்ளி விட்டு நேராகப் பட்டறை. ரோகிணி எனக்கு முன்பே வந்து அளக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஆரோக்கியண்ணனுக்கு இன்று லீவு. இவர் பத்திரிகைக்காரர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தார்.

"நேத்து நான் ஏன் பேசலைன்னு கேக்க மாட்டியா?"

"கேக்க எனக்கென்ன யோக்கியதை?"

"நீ செஞ்சதுக்குப் பழி வாங்கினேன்னு நினைச்சிருப்ப. இல்ல கோகி. பேசலாம்னுதான் இருந்தேன். அத்தன பேரு திரும்பிப் பாத்தாங்க பாரு, அது எனக்கு வேணும்போல இருந்துச்சு. ஒரு நிமிஷம். வேலை போனதுக்கப்புறம் யாரும் என்னை அப்படிப் பாத்ததில்ல."

கைப்பையைத் திறந்து அட்டையை எடுத்து என் முன் வைத்தாள்.

"அவருக்குச் சொல்ல மாட்டேன். கிழிச்சுப் போடு."

"உனக்குக் கோபம் இல்லையா?"

"இருக்கு. அவரு அந்த வண்டிக்குள்ள இருந்தாரு. அத நெனச்சா உன் கன்னத்துல ஒண்ணு வைக்கணும்னு இருக்கு." எழுந்தாள். "ஆனா நானும் பின்பக்கம் பாக்கலையே. பாத்தவ நீ ஒருத்திதான். எப்பவும் நீதான்."

அவள் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். தடம் நன்றாகவே தெரிந்தது. ஸ்டவ் பக்கத்தில்தான் இருந்தது, தீப்பெட்டியும் இருந்தது. இஞ்சி இருக்கும் டப்பாவும்.

பேப்பர் திருத்தும் சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். தடத்தின் மேலேயே, அன்று எழுதிய அதே வரிசையில் எழுதினேன். 'நம் கணக்கில் 300 டிகிரி. வேண்டாம்.' அதன் கீழ் 'கோ'. அதன் கீழ் தேதி. எழுதிய இன்றைய தேதி அல்ல, கண்டுபிடித்த அன்றைய தேதி. நவம்பர் 21.

பிறகு பலகையில், இருபதாவது இடத்தில், பின்பக்கம் வெளியே தெரியும்படி குத்தினேன். எஞ்சின் கட்டியது நவம்பர் 25 என்று அதே பலகையின் மேலே இவர் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது.

இதை அளக்கும் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே கார் நிற்கும் சத்தம். இவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருகிறார். நேற்றைய கோப்பையைக் கையோடு கொண்டு வந்திருக்கிறார், பலகைக்குக் கீழ் அலமாரியில் வைக்க. "டீ போடட்டுமா கோகிலா? இஞ்சி போட்டு?" என்று கேட்கிறார்.

கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்து பலகையைப் பார்க்கிறார். சிவப்பு மை கண்ணில் பட்டிருக்க வேண்டும், கிட்டே போகிறார். இவர் எந்த அட்டையையும் கீழிருந்துதான் படிப்பார். தேதியில் இருந்து.

பாட்டு நின்றுவிட்டது.